லண்டன்ல வாடகை வீடு: ஏஜென்ட் கேக்குற காசுல எது கொடுக்கணும், எது கொடுக்கவே வேண்டாம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

செப்டம்பரும் ஜனவரியும் வந்தா போதும், ஊர்ல இருந்து படிக்க வந்த பசங்களும் பொண்ணுங்களும் ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட், ஹாரோ பக்கம் வீடு தேட ஆரம்பிச்சுடுவாங்க, எனக்கு வர்ற மெசேஜ் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஏஜென்ட் இவ்ளோ கேக்குறாரு கொடுக்கலாமா அக்கா, கொடுத்துட்டேன் திரும்பி வருமா அக்கா. தனித்தனியா பதில் சொல்றதுக்கு ஒரே இடத்துல எழுதி வச்சா அடுத்து வர்றவங்களுக்கும் உதவும்னு தோணுச்சு. கேள்விகளை அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். இதுல சொல்றது எல்லாம் இங்கிலாந்து சட்டம், ஸ்காட்லாந்து வேல்ஸ் பத்தி கடைசி கேள்வியில பாருங்க.

அக்கா, ஏஜென்ட் ஃபீஸ்னு ஒண்ணு இங்க கொடுக்கணுமா வேண்டாமா?

வேண்டாம். டெனன்ட் ஃபீஸ் ஆக்ட் 2019-னு ஒரு சட்டம் இருக்கு, 2019 ஜூன் 1-ல இருந்து புதுசா போடுற அக்ரிமென்டுக்கும், 2020 ஜூன் 1-ல இருந்து ஏற்கனவே ஓடிட்டு இருந்த பழைய அக்ரிமென்டுக்கும் சேர்த்து அமலுக்கு வந்துடுச்சு. அதுக்கு முன்னாடி இங்க வாடகைக்கு இருந்தவங்களைக் கேட்டுப் பாருங்க, அட்மின் ஃபீ, ரெஃபரன்ஸ் ஃபீ, இன்வென்டரி ஃபீ, வருஷா வருஷம் ரினீவல் ஃபீன்னு வாய்க்கு வந்த பேரெல்லாம் வச்சு வாங்கினாங்க, ஒரே வேலைக்கு ஓனர்கிட்டயும் வாங்கி நம்மகிட்டயும் வாங்கினாங்க. 2016 நவம்பர்ல அப்போ நிதியமைச்சரா இருந்த ஃபிலிப் ஹாமண்ட் இதை நிறுத்தப் போறோம்னு அறிவிச்சாரு, சட்டமாகி கைக்கு வர ரெண்டரை வருஷம் ஆச்சு.

இந்தச் சட்டத்துல ஒரு விஷயத்தை மட்டும் மனசுல ஏத்திக்கிட்டா மீதி எல்லாம் தானா புரியும். எதெல்லாம் வாங்கக் கூடாதுன்னு இது பட்டியல் போடல, எதெல்லாம் வாங்கலாம்னுதான் பட்டியல் போட்டிருக்கு, அந்தப் பட்டியல்ல இல்லாத எதுவும் வாங்கக் கூடாது. அதனால ஏஜென்ட் புதுசா ஒரு பேர் கண்டுபிடிச்சு காசு கேட்டா, இதுக்குத் தடை இருக்கான்னு தேடாதீங்க, இது பட்டியல்ல இருக்கான்னு மட்டும் பாருங்க.

சரி, அந்தப் பட்டியல்ல என்னதான் இருக்கு?

வாடகை, டெபாசிட், வீட்டைப் பிடிச்சு வைக்கிறதுக்கான ஹோல்டிங் டெபாசிட், கரண்ட் கேஸ் தண்ணி இன்டர்நெட் டிவி லைசென்ஸ் கவுன்சில் டாக்ஸ் (உள்ளூர் நிர்வாகத்துக்குக் கட்டுற வரி) மாதிரி பில்லுங்க, வாடகை ரொம்ப லேட் ஆனா வட்டி, சாவி தொலைச்சா அதோட செலவு, நீங்களா கேட்டு அக்ரிமென்ட்ல எதையாவது மாத்தினா அதுக்கு ஒரு தொகை, நீங்களா கேட்டு முன்னாடியே வீட்டை காலி பண்ணா அதனால வந்த நஷ்டம். இதுக்கு மேல நீங்க வீட்டுல எதையாவது உடைச்சா, அக்ரிமென்டை மீறி நஷ்டம் பண்ணா அதுக்கான ஈடு கேக்கலாம், அது நியாயம்தான்.

அவ்ளோதான் பட்டியல். வீடு காட்டுறதுக்குக் காசு, உங்களைப் பத்தி விசாரிக்கக் காசு, அக்ரிமென்ட் பிரிண்ட் எடுக்கக் காசு, சாவி கொடுக்க வர்றதுக்குக் காசு, இது எதுவும் அதுல இல்ல.

சென்னையில புரோக்கருக்கு ஒரு மாச வாடகை கொடுத்துதானே வீடு பிடிச்சோம், இங்க ஏஜென்ட் சும்மாவா வேலை செய்வாங்க?

சும்மா செய்யல, ஓனர் கொடுக்குறாரு. இங்க லெட்டிங் ஏஜென்ட் ஓனரோட ஆள், ஓனருக்கு வாடகைக்கு ஆள் பிடிச்சுத் தர்றதும், பல சமயம் மாசா மாசம் வாடகை வசூல் பண்ணித் தர்றதும், ரிப்பேர் பாக்குறதும் அவங்க வேலை, அதுக்கு வாடகையில இவ்ளோ சதவீதம்னு ஓனர்கிட்ட வாங்கிக்கிறாங்க.

இதை ஏன் இவ்ளோ சொல்றேன்னா, நம்ம ஆளுங்க ஏமாறுறதுக்குப் பெரிய காரணமே இதுதான். ஊர்ல புரோக்கர் கமிஷன் கொடுத்துப் பழகிட்டதால இங்க ஒருத்தர் இருநூறு பவுண்டு கேட்டா, பரவாயில்லையே கம்மியாத்தான் கேக்குறாருன்னு சந்தோஷமா கொடுத்துடுறாங்க, சந்தேகமே வர்றதில்ல. அந்தக் காசு அப்பா கடன் வாங்கி அனுப்பின காசு. அதை நினைச்சா எனக்குக் கோவம் வருது.

டெபாசிட் அஞ்சு வாரம்ங்கிறாங்க, ஆனா வாடகை மாசக் கணக்குல இருக்கு. எப்படிக் கணக்குப் போடுறது?

மாச வாடகையை நாலால வகுக்காதீங்க, நிறைய பேர் அப்படித்தான் போடுறாங்க, ஏஜென்டுகளும் சில பேர் அப்படிப் போட்டு கூடுதலா வாங்கிடுறாங்க. மாச வாடகையை 12-ஆல பெருக்கி 52-ஆல வகுக்கணும். 1,300 பவுண்டு வீடுன்னு வைங்க, வருஷத்துக்கு 15,600, அதை 52-ஆல வகுத்தா வாரத்துக்கு 300. அப்போ ஒரு வார வாடகையான ஹோல்டிங் டெபாசிட் அதிகபட்சம் 300, அஞ்சு வார வாடகையான டெபாசிட் அதிகபட்சம் 1,500. நாலால வகுத்திருந்தா வாரத்துக்கு 325 வந்து டெபாசிட் 1,625 ஆயிருக்கும், அந்த 125 பவுண்டு சட்டவிரோதமா வாங்கின காசு.

வருஷ வாடகை 50,000 பவுண்டோ அதுக்கு மேலயோ போனா டெபாசிட் ஆறு வாரம் வரைக்கும் வாங்கலாம், அது மாசம் நாலாயிரத்து சொச்சம் வாடகை வர்ற வீடு. தனியா இருக்கிறவங்களுக்கு இது வராது, ஆனா அஞ்சாறு பேர் சேர்ந்து ஒரே அக்ரிமென்ட்ல பெரிய வீடு எடுத்தா மொத்த வாடகையை வச்சுத்தான் பாப்பாங்க, அதனால கணக்குப் போட்டுப் பாத்துக்கோங்க.

ஹோல்டிங் டெபாசிட்டும் டெபாசிட்டும் ஒண்ணா? ரெண்டு தடவை கேக்குறாங்களே?

வேற வேற. ஹோல்டிங் டெபாசிட்ங்கிறது உங்களைப் பத்தி விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் வீட்டை வேற யாருக்கும் கொடுக்காம பிடிச்சு வைக்கிறதுக்கு, ஒரு வார வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. ஒரு வீட்டுக்கு ஒரு சமயத்துல ஒருத்தர்கிட்டதான் வாங்கணும், மூணு பேர்கிட்ட வாங்கி வச்சுக்கிட்டு யார் பெட்டரோ அவங்களுக்குக் கொடுக்குறது தப்பு. வாங்கின நாள்ல இருந்து 15 நாளுக்குள்ள அக்ரிமென்ட் போட்டு முடிக்கணும், வேற தேதின்னா ரெண்டு பக்கமும் எழுத்துல ஒத்துக்கிட்டிருக்கணும். அக்ரிமென்ட் போட்டாச்சுன்னா ஏழு நாளுக்குள்ள அதைத் திருப்பித் தரணும், இல்ல நீங்க சம்மதிச்சா முதல் மாச வாடகையிலயோ டெபாசிட்லயோ கழிச்சுக்கலாம், வழக்கமா அப்படித்தான் செய்றாங்க.

டெபாசிட்ங்கிறது நீங்க குடியிருக்கிற காலம் முழுக்க இருக்கும். வாங்கின 30 நாளுக்குள்ள அரசு அனுமதிச்ச மூணு திட்டத்துல ஒண்ணுல போட்டு உங்களுக்கு விவரம் கொடுக்கணும்: டெபாசிட் ப்ரொடெக்ஷன் சர்வீஸ், மைடெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம். போடலைன்னா கோர்ட்டுக்குப் போய் டெபாசிட்டோட ஒரு மடங்குல இருந்து மூணு மடங்கு வரைக்கும் ஈடு கேக்கலாம். முப்பது நாள் ஆச்சுன்னா மூணு வெப்சைட்லயும் போய் உங்க டெபாசிட் இருக்கான்னு தேடிப் பாருங்க.

ஹோல்டிங் டெபாசிட் கட்டினதுக்கு அப்புறம் அதை விட நல்ல வீடு கிடைச்சுடுச்சு, காசு திரும்ப வருமா?

நீங்களா வேண்டாம்னு சொன்னா வராது, அவங்க வச்சுக்கலாம். அதனால மனசு உறுதியா இல்லாம கட்டாதீங்க. இது தவிர இன்னும் மூணு சமயத்துலதான் அவங்க வச்சுக்கலாம். ஒண்ணு, இந்த நாட்டுல வாடகைக்கு இருக்க உங்களுக்கு உரிமை இருக்கான்னு பாக்குற ரைட் டு ரென்ட் செக்ல நீங்க தேறலைன்னா. ரெண்டு, நீங்க பொய்யான தகவல் கொடுத்து அது முடிவைப் பாதிக்கிற அளவுக்கு இருந்தா. மூணு, கேட்ட பேப்பரைக் கொடுக்காம இழுத்தடிச்சு உங்க பக்கம் அக்ரிமென்ட் நடக்காம போனா.

ரெண்டாவதுல கவனமா இருங்க. சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுடு, யாரு பாக்கப் போறான்னு கூட இருக்கிறவங்களே யோசனை சொல்வாங்க. பார்ட் டைம்ல மாசம் 800 வருதுன்னா 800-னே எழுதுங்க. பேஸ்லிப்பும் பேங்க் ஸ்டேட்மென்டும் கேட்டு வாங்கிப் பாப்பாங்க, இடிச்சா வீடும் போச்சு காசும் போச்சு.

நான் எதுவும் தப்பு பண்ணல, ஓனர் வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டாரு. ஏஜென்ட் 'ப்ராசஸிங்'னு சொல்லி பாதியை பிடிச்சுக்கிட்டாரு

முழுசும் திரும்ப வரணும், ஏழு நாளுக்குள்ள. ஓனர் மனசு மாறினதுக்கு நீங்க பொறுப்பு இல்ல, ப்ராசஸிங்ங்கிறது பட்டியல்லயே இல்ல. ஏதாவது காரணம் சொல்லி வச்சுக்கிறதா இருந்தாலும் அந்தக் காரணத்தை ஏழு நாளுக்குள்ள எழுத்துல கொடுக்கணும், கொடுக்கலைன்னா காரணம் சரியா இருந்தாலும் வச்சுக்க முடியாது. அதனால போன்ல பேசாதீங்க, எந்தக் காரணத்துக்காகப் பிடிச்சீங்கன்னு இமெயில்ல கேளுங்க. பல பேருக்கு அந்த ஒரு இமெயிலுக்கே காசு வந்துடுது.

ரெஃபரன்ஸ் செக், கிரெடிட் செக், ஷேர் கோட் (விசா உரிமையைக் காட்டுற ஆன்லைன் கோட்) வெரிஃபை பண்றதுக்கு 75 பவுண்டு கேக்குறாங்க

எதுக்கும் கொடுக்க வேண்டாம். விசாரிக்கிறது அவங்க பாதுகாப்புக்கு, செலவும் அவங்களோடது. ரைட் டு ரென்ட் செக் பண்ண வேண்டிய பொறுப்பையும் சட்டம் ஓனர் மேலயும் ஏஜென்ட் மேலயும்தான் வச்சிருக்கு, நீங்க ஷேர் கோடும் பிறந்த தேதியும் கொடுத்தா அரசு வெப்சைட்ல போய் அவங்க பாத்துக்கணும். வெளியில ஒரு கம்பெனி லிங்க் அனுப்பி இங்க நேரா கட்டிடுங்கன்னு சொன்னாலும் கதை அதேதான், ஏஜென்டுக்கே நேரா கட்டலைங்கிறதால அது சரின்னு ஆயிடாது. பில்லு சம்பந்தமான கம்பெனி தவிர வேற யார்கிட்டயும் ஒப்பந்தம் போட வச்சு உங்களைக் காசு கட்ட வைக்க அவங்களுக்கு உரிமை இல்ல, இன்ஷூரன்ஸ் எடுத்தாதான் வீடுன்னு சொல்றதும் இதுலயே வரும்.

எனக்கு இங்க ஜாமீன் நிக்க (கேரண்டர்) யாரும் இல்ல. ஒரு கேரண்டர் கம்பெனிக்கு காசு கட்டினாதான் வீடுங்கிறாங்க, அப்பா மதுரையில இருந்து கையெழுத்துப் போட்டா அதுக்கும் ஃபீஸ்ங்கிறாங்க

அப்பாகிட்டயும் வாங்கக் கூடாது. உங்களுக்காகக் காசு கட்டுறவங்களுக்கும், உங்களுக்கு ஜாமீன் நிக்கிறவங்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும், அவங்க மதுரையில இருந்தாலும் சரி மலேசியாவுல இருந்தாலும் சரி, வீடு இங்கிலாந்துல இருந்தா போதும்.

கேரண்டர் கம்பெனி விஷயம் கொஞ்சம் நுணுக்கம். கட்டாயம் இந்தக் கம்பெனியிலதான் போகணும்னு சொல்ல முடியாது. ஆனா ஆள் கேரண்டரும் ஓகே, இல்லாதவங்க விருப்பப்பட்டா கம்பெனி மூலமாவும் வரலாம்னு வழி கொடுத்து நீங்களா அதைத் தேர்ந்தெடுத்தா அது வேற. டெபாசிட்டுக்குப் பதிலா மாசா மாசம் ஒரு தொகை கட்டுற திட்டங்களும் இதே மாதிரிதான், வழி காட்டலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. அந்தத் திட்டத்துல கட்டுற காசு திரும்பி வராது, கடைசியில வீட்டுல சேதம்னு வந்தா அதுக்கும் நீங்கதான் கட்டணும், அதனால கையில டெபாசிட்டுக்குக் காசு இருந்தா அந்தப் பக்கமே போகாதீங்கங்கிறது என் அபிப்பிராயம். பணம் கட்டி கேரண்டி வாங்குறதுக்கு முன்னாடி உங்க யுனிவர்சிட்டி ஹவுசிங் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேளுங்க, சில யுனிவர்சிட்டிங்க தாங்களே மாணவர்களுக்கு கேரண்டரா நிக்குது.

ஆறு மாச வாடகை மொத்தமா அட்வான்ஸ் கேக்குறாங்க, இதுவும் சட்டவிரோதமா?

டெனன்ட் ஃபீஸ் ஆக்ட்ல இதுக்குத் தடை இல்ல, வாடகைங்கிறது பட்டியல்ல இருக்கிறதால முன்கூட்டியே ஆறு மாசம் பன்னெண்டு மாசம்னு கேட்டு வாங்கிட்டு இருந்தாங்க, வெளிநாட்டுல இருந்து வர்ற பசங்களுக்குத்தான் இது பெரிய அடி. ரென்டர்ஸ் ரைட்ஸ் ஆக்ட் 2025 அதை மாத்திடுச்சு. 2026 மே 1-ல இருந்து போடுற சாதாரண தனியார் வாடகை அக்ரிமென்டுக்கு, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி வாடகைன்னு ஒரு பைசா வாங்கக் கூடாது, போட்டதுக்கு அப்புறம் ஒரு மாச வாடகைக்கு மேல முன்பணமா கேக்கக் கூடாது. அந்தத் தேதிக்கு முன்னாடி போட்ட அக்ரிமென்ட்ல ஒத்துக்கிட்ட முன்பணம் அப்படியேதான் இருக்கும்.

அதே சட்டத்துல இன்னொண்ணும் இருக்கு. விளம்பரத்துல ஒரு வாடகை போட்டுட்டு, இன்னொரு பார்ட்டி நூறு பவுண்டு சேர்த்துத் தர்றேங்கிறாங்க நீங்க எவ்ளோ தர்றீங்கன்னு ஏலம் விடுவாங்க இல்லையா, அந்தப் பேச்சுக்கே இடமில்ல. விளம்பரம் பண்ண தொகைக்கு மேல கேக்கவும் கூடாது, நீங்களா கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

முதல் மாசம் மட்டும் வாடகை 1,500, அப்புறம் 1,300-னு அக்ரிமென்ட்ல போட்டிருக்கு. ஃபீஸ்னு எதுவும் இல்லையே, இது ஓகேவா?

ஓகே இல்ல. ஃபீஸை வாடகைக்குள்ள மறைச்சு வாங்குறதுக்குன்னே இப்படிப் போடுறாங்க, சட்டம் எழுதினவங்களும் இதை யோசிச்சே எழுதியிருக்காங்க. முதல் வருஷத்துல ஒரு மாச வாடகை அடுத்து வர்ற மாசத்தை விட அதிகமா இருந்தா, அந்தக் கூடுதல் தொகை தடை பண்ண காசுதான். இங்க 200 பவுண்டு திரும்பக் கேக்கலாம்.

எல்லா மாசமும் சமமா 1,320-னு போட்டா அதுல ஒண்ணும் பண்ண முடியாது. ஃபீஸை நிறுத்தினா வாடகையை ஏத்திடுவாங்கன்னு சட்டம் வர்றதுக்கு முன்னாடியே பல பேர் சொன்னாங்க. அப்படியே ஏத்தினாலும் பரவாயில்லைங்கிறதுதான் என் நிலைப்பாடு, ஏன்னா வாடகை விளம்பரத்துலயே கண்ணுக்குத் தெரியுது, நாலு வீட்டோட ஒப்பிட்டுப் பாக்கலாம், பெட்டியோட தெருவுல நிக்கிறப்போ கடைசி நிமிஷத்துல நீட்டுற பில்லை எதோடயும் ஒப்பிட முடியாது.

வாடகை மூணு நாள் லேட், 40 பவுண்டு ஃபைன் போட்டுட்டாங்க

போட முடியாது. வாடகை 14 நாளோ அதுக்கு மேலயோ பாக்கி இருந்தாதான் எதுவும் கேக்கலாம், அதுவும் ஃபைன் கிடையாது, வட்டி மட்டும்தான், பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டி விகிதத்துக்கு மேல வருஷத்துக்கு 3 சதவீதம். அந்த விகிதம் 4 சதவீதமா இருக்கிறப்போ 1,300 பவுண்டு 20 நாள் லேட்னா மொத்த வட்டி ஏறக்குறைய 5 பவுண்டு. ரிமைண்டர் லெட்டருக்கு இவ்ளோ, போன் பண்ணதுக்கு இவ்ளோன்னு தனியா போடுறதும் கிடையாது. இதுக்காக வாடகையை லேட் பண்ணலாம்னு எடுத்துக்காதீங்க, பாக்கி சேர்ந்தா வீட்டை விட்டு அனுப்ப அதுவே காரணமாயிடும்.

சாவி தொலைச்சா புது சாவிக்கான நியாயமான செலவு மட்டும், அதுக்கு ரசீது மாதிரி எழுத்துல ஆதாரம் காட்டணும். பத்துப் பதினஞ்சு பவுண்டு சாவிக்கு நூறு பவுண்டு கேட்டா ரசீது கேளுங்க.

கூட இருந்த ஃப்ரெண்ட் கிளம்பறான், அவன் இடத்துல வேற ஆள் போட 250 கேக்குறாங்க

நீங்க கேட்டு அக்ரிமென்ட்ல பேர் மாத்துறீங்கங்கிறதால இதுக்கு வாங்கலாம், ஆனா 50 பவுண்டு வரைக்கும்தான். அதுக்கு மேல செலவாச்சுன்னா எதுக்கு எவ்ளோ ஆச்சுன்னு அவங்க ஆதாரத்தோட காட்டணும், எங்க ஆபீஸ்ல இதுதான் ரேட்டுன்னு சொல்றது ஆதாரம் ஆகாது.

கோர்ஸ் முடிஞ்சு மான்செஸ்டர்ல வேலை கிடைச்சுடுச்சு, பாதியில கிளம்பினா என்ன கட்டணும்?

2026 மே 1-ல இருந்து ஒரு வருஷம் ரெண்டு வருஷம்னு கட்டிப் போடுற அக்ரிமென்ட் தனியார் வாடகையில கிடையாது, மாசா மாசம் ஓடுற மாதிரிதான், நீங்க ரெண்டு மாச நோட்டீஸ் கொடுத்துட்டுக் கிளம்பலாம், ஃபீஸ் எதுவும் இல்ல. வருஷா வருஷம் ரினீவல்ங்கிற பேச்சும் இதோட போச்சு. ஆனா எல்லாரும் சேர்ந்து ஒரே அக்ரிமென்ட்ல இருந்தா ஒருத்தர் கொடுக்குற நோட்டீஸே எல்லாருக்கும் சேர்த்து முடிச்சுடும், அதனால கூட இருக்கிறவங்ககிட்ட பேசாம நோட்டீஸ் அனுப்பிடாதீங்க.

அதுக்கு முன்னாடி இருந்த முறையில நடுவுல கிளம்பின ஆளா இருந்தா, ஓனருக்கு உண்மையிலயே ஆன நஷ்டம், ஏஜென்டுக்கு ஆன நியாயமான செலவு, இதுக்கு மேல கேக்க முடியாது. வேற ஆள் உடனே வந்துட்டாங்கன்னா அந்த நாள்ல இருந்து உங்ககிட்ட வாடகை வாங்கினா அது ரெட்டை வசூல்.

காலி பண்றப்போ ப்ரொஃபெஷனல் கிளீனிங் 180 பவுண்டு, செக்அவுட் ரிப்போர்ட் 90 பவுண்டுன்னு டெபாசிட்ல பிடிச்சுட்டாங்க

செக்அவுட் ரிப்போர்ட்டுக்கு, அதாவது கிளம்புறப்போ வீட்டு நிலைமையைப் பாத்து எழுதுற அறிக்கைக்குப் பிடிக்கவே முடியாது. கிளீனிங்ல ரெண்டு விஷயம் இருக்கு. கம்பெனி ஆளை வச்சுத்தான் சுத்தம் பண்ணணும்னு உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனா நீங்க வந்தப்போ வீடு எவ்ளோ சுத்தமா இருந்துச்சோ அதே அளவு சுத்தமா விட்டுட்டுப் போகணும், அப்படி விடலைன்னா அந்தக் குறைக்கு ஏத்த மாதிரி டெபாசிட்ல கேக்கலாம். நம்ம சமையல்ல அடுப்புக்கு மேல எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சள் கறையும் கண்டிப்பா இருக்கும், ஓவனும் சிம்னியும் பாத்து ஒரு நாள் ஒதுக்கித் தேய்ச்சுடுங்க, வாக்குவாதத்துல பாதி குறைஞ்சுடும்.

வந்த அன்னைக்கே ஒவ்வொரு ரூமா வீடியோ எடுங்க, கதவுக்குப் பின்னாடி, மெத்தைக்கு அடியில, ஜன்னல் ஓரத்துல இருக்கிற பூஞ்சை எல்லாம் சேர்த்து, எடுத்ததை ஏஜென்டுக்கு அன்னைக்கே இமெயில் பண்ணிடுங்க. கிளம்புற அன்னைக்கும் இதே மாதிரி. பிடித்தத்துக்கு நீங்க ஒத்துக்கலைன்னா மேல சொன்ன டெபாசிட் திட்டத்துலயே தகராறு தீர்க்குற சேவை இருக்கு, உங்களுக்குச் செலவில்ல, நிரூபிக்க வேண்டியதும் ஓனர் பக்கம்தான்.

ஏஜென்ட் இல்ல, நம்ம ஊர்க்காரர் ஒருத்தர்தான் ரூம் பிடிச்சுக் கொடுத்தாரு, 200 பவுண்டு கேஷா வாங்கிக்கிட்டாரு. இதுக்கும் சட்டம் இருக்கா?

போர்டு மாட்டி ஆபீஸ் வச்சிருந்தாதான் ஏஜென்ட்னு இல்ல. ஓனர் சார்புல ஆள் பிடிச்சுக் கொடுக்குறதைத் தொழிலா செய்றவர் லெட்டிங் ஏஜென்ட்தான், ஓனர் பக்கம் வேலை பாத்துக்கிட்டு உங்ககிட்டயும் வாங்கக் கூடாது. வீட்டு அட்ரஸ் லிஸ்ட் தர்றேன், உன் பேரைப் பதிவு பண்ணி வைக்கிறேன்னு சொல்லி அவர் காசு கேக்குறதும் கூடாது. ஓனர் கூடவே அவர் வீட்டுல ஒரு ரூம்ல இருந்தாலும் ஃபீஸ் தடை உங்களுக்கும் உண்டு. ஆனா டெபாசிட்டைத் திட்டத்துல போடணும்ங்கிற பாதுகாப்பு அப்படி இருக்கிறவங்களுக்குக் கிடையாது, அதனால கொடுக்குற டெபாசிட் எவ்ளோ கம்மியோ அவ்ளோ நல்லது.

இதுல மனசு கஷ்டம் என்னன்னா, அண்ணே தம்பின்னு பேசி கோயில்லயும் கடையிலயும் பாக்குற ஆள்கிட்ட ரசீது கேக்கக் கூச்சமா இருக்கும். கூச்சப்படாம கேளுங்க. கேஷா கொடுக்காதீங்க, பேங்க்ல அனுப்புங்க, எதுக்குன்னு ஒரு வரி போட்டு அனுப்புங்க. ரூமைக் கண்ணால பாக்காம, ஊர்ல இருந்து கிளம்புறதுக்கு முன்னாடியே யாருக்கும் காசு அனுப்பாதீங்க, போட்டோவுல இருக்கிற ரூம் இருக்கவே இருக்காது, நம்ம பசங்களுக்கு அது அடிக்கடி நடக்குது. ஆபீஸ் வச்சிருக்கிற ஏஜென்டா இருந்தாலும் ப்ராபர்ட்டி ஆம்புட்ஸ்மன், ப்ராபர்ட்டி ரிட்ரெஸ்ங்கிற புகார் தீர்க்குற ரெண்டு அமைப்புல ஒண்ணுல உறுப்பினரா இருக்கணும், அவங்க வெப்சைட்ல பேரைப் போட்டுத் தேடுங்க.

ஃபீஸ் தர்றேன்னு அக்ரிமென்ட்லயே கையெழுத்துப் போட்டுட்டேனே, இனி எப்படிக் கேக்குறது?

கேக்கலாம். தடை பண்ண காசைப் பத்தி அக்ரிமென்ட்ல இருக்கிற வரி உங்களைக் கட்டுப்படுத்தாது, மீதி அக்ரிமென்ட் அப்படியே செல்லும். நீங்க சம்மதிச்சீங்களே, அப்போ ஏன் பேசலைங்கிற வாதம் எடுபடாது.

ஏற்கனவே கட்டிட்டேன். திரும்ப வாங்க என்ன பண்ணணும், வக்கீல் வேணுமா?

வக்கீல் வேண்டாம். முதல்ல ஒரு இமெயில். எந்தத் தேதியில எவ்ளோ எதுக்காகக் கட்டினீங்க, டெனன்ட் ஃபீஸ் ஆக்ட் 2019 படி இது அனுமதிக்கப்பட்ட தொகை இல்ல, இந்தத் தேதிக்குள்ள திருப்பித் தரணும்னு மூணு வரி போதும், மரியாதையா எழுதுங்க, கூடவே பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் வைங்க. தரலைன்னா ஏஜென்ட் கம்பெனிக்கு முறையான புகார், எட்டு வாரம் பாத்தும் சரியாகலைன்னா மேல சொன்ன ப்ராபர்ட்டி ஆம்புட்ஸ்மன், ப்ராபர்ட்டி ரிட்ரெஸ் ரெண்டுல அவங்க எதுல இருக்காங்களோ அதுக்குப் போகலாம், இலவசம். இன்னொரு பக்கம் உங்க கவுன்சில்ல நுகர்வோர் புகார் பாக்குற ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவுக்கும் புகார் பண்ணலாம், இலவச ஆலோசனை தர்ற சிட்டிசன்ஸ் அட்வைஸ் மூலமா போனா அவங்களே அனுப்பி வைப்பாங்க. நேரா ஃபர்ஸ்ட் டியர் ட்ரிப்யூனல்ங்கிற தீர்ப்பாயத்துலயும் காசைத் திருப்பித் தர உத்தரவு கேக்கலாம்.

ஏஜென்டுக்கு இதுல பயம் இல்லாம இருக்காது. முதல் தடவை மீறினா 5,000 பவுண்டு வரைக்கும் அபராதம், அஞ்சு வருஷத்துக்குள்ள திரும்ப மீறினா அது கிரிமினல் குற்றம், கேஸ் போடலாம், இல்ல அதுக்குப் பதிலா 30,000 பவுண்டு வரைக்கும் அபராதம் போடலாம். நூறு பவுண்டுக்காக இந்த ரிஸ்க் எடுக்க விவரம் தெரிஞ்ச ஏஜென்ட் யாரும் விரும்ப மாட்டாங்க.

திரும்பக் கேட்டா வீட்டை விட்டு அனுப்பிடுவாங்களோன்னு பயமா இருக்கு. விசாவுக்கு ஏதாவது ஆகுமா?

விசாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கூடுதலா கட்டின காசைத் திரும்பக் கேக்குறது உங்க உரிமை, அதைக் கேட்டதால விசா பாக்குற ஹோம் ஆபீஸ்ல எதுவும் பதிவாகாது. அப்படி யாராவது மிரட்டினா அதையும் எழுத்துல வாங்கி வைங்க.

வீட்டை விட்டு அனுப்புற பயம் நியாயமான பயம், அதை லேசா சொல்ல மாட்டேன். முன்னாடி செக்ஷன் 21-னு காரணமே சொல்லாம காலி பண்ணச் சொல்ற நோட்டீஸ் இருந்துச்சு, அப்போவே தடை பண்ண காசைத் திருப்பித் தராத ஓனர் அந்த நோட்டீஸ் கொடுக்க முடியாதுன்னு விதி இருந்துச்சு. 2026 மே 1-ல இருந்து அந்த நோட்டீஸே கிடையாது, சட்டத்துல சொன்ன காரணங்கள்ல ஒண்ணைக் காட்டித்தான் அனுப்ப முடியும், காசு திரும்பக் கேட்டாங்கங்கிறது அதுல இல்ல. ஓனர் வீட்டுலயே ஒரு ரூம்ல இருக்கிறவங்களுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. நீங்க அப்படின்னா, வேற இடம் பாத்துட்டு அப்புறம் கேளுங்கன்னுதான் சொல்வேன், வெளியில வந்ததுக்கு அப்புறமும் கேக்கலாம்.

பில்லு எல்லாம் நாங்களே கட்டிக்கிறோம்னு மாசம் 150 வாங்குறாங்க, கவுன்சில் டாக்ஸும் அதுல சேர்ந்ததாம். நாங்க எல்லாருமே ஸ்டூடண்ட்ஸ்

பில்லுக்கு வாங்குறது பட்டியல்ல இருக்கு, ஆனா அதுல லாபம் பாக்கக் கூடாது. கரண்டையும் கேஸையும் உங்களுக்குத் திரும்ப விக்கிறப்போ அவங்க கட்டின விலைக்கு மேல வாங்கக் கூடாதுன்னு, கரண்ட் கேஸ் துறையைக் கண்காணிக்கிற ஆஃப்ஜெம் அமைப்போட விதியே இருக்கு. பில்லைக் காட்டச் சொல்லுங்க. வீட்டுல இருக்கிற எல்லாரும் முழுநேர மாணவர்களா இருந்தா கவுன்சில் டாக்ஸ் விலக்கு உண்டு, யுனிவர்சிட்டியில ஒரு சான்றிதழ் வாங்கி கவுன்சிலுக்கு அனுப்பணும். வீட்டுக்கு வராத டாக்ஸை உங்ககிட்ட வசூல் பண்றாங்களான்னு கவுன்சில்லயே கேட்டுப் பாருங்க.

நான் கிளாஸ்கோ போறேன், தம்பி கார்டிஃப் போறான். எங்களுக்கும் இதேதானா?

அடிப்படை ஒண்ணு, விவரம் வேற. ஸ்காட்லாந்துதான் இதுல எல்லாருக்கும் முன்னோடி, 1984-ல வந்த வாடகைச் சட்டத்துலயே இந்த மாதிரி கூடுதல் காசுக்குத் தடை இருந்துச்சு, ஏஜென்டுகள் அதுல சந்து பொந்து தேடினதால 2012 நவம்பர்ல வாடகையும் டெபாசிட்டும் தவிர எதுவும் கூடாதுன்னு தெளிவா சொல்லிட்டாங்க. அங்க டெபாசிட் ரெண்டு மாச வாடகை வரைக்கும் வாங்கலாம், அதனால அஞ்சு வாரக் கணக்கை அங்க போய்ப் பேசாதீங்க. வேல்ஸ்ல தனிச் சட்டம், 2019 செப்டம்பர் 1-ல இருந்து அமல்ல இருக்கு, அங்கயும் அனுமதிச்ச தொகை தவிர வேற எதுவும் வாங்கக் கூடாது. இங்க சொன்ன தேதிகளும் ட்ரிப்யூனலும் ரென்டர்ஸ் ரைட்ஸ் ஆக்ட் விஷயமும் இங்கிலாந்துக்கு மட்டும், கிளாஸ்கோன்னா ஷெல்டர் ஸ்காட்லாந்து, கார்டிஃப்னா ஷெல்டர் கம்ரி, ரெண்டும் இலவசமா ஆலோசனை சொல்றாங்க, காசு கட்டுறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு தடவை கேட்டுடுங்க.